17 பாகை நீரில் ஒரு சண்டை மீன்

கடந்த மார்கழி விடுமுறையில் என் பேத்தி ஹட்டன் கடைத்தெருவிலிருந்து திரும்பியபோது அவள் கையில் ஒரு ஜாம் போத்தல் இருந்தது. உள்ளே கடும் நீல நிறத்தில் ஒரு மீன். உடம்பு சுண்டுவிரல் அளவுதான். துடுப்புகளோ கொசுவி விட்ட பட்டுச்சேலை போல அதைவிடப் பெரிதாக விரிந்திருந்தன. "பைட்டர் தாத்தா" என்றாள். நூல்களில் சயாமியச் சண்டை மீன் என்றும், வளர்ப்போரிடையே பெற்றா என்றும் வழங்கும் மீனுக்கு எங்கள் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் அது. உண்டியற் காசில் வாங்கியிருந்தாள். கடைக்காரர் சொல்லியனுப்பியதையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள்: "இது லேசுல சாகாத மீனாம். மோட்டர் வேணாமாம். போத்தலே போதுமாம்."

ஒன்பதாம் நாள் மீன் செத்துப் போயிற்று.

நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதியவனுக்கு ஒரு பழக்கம் விடாது. எங்கே மரணம் நிகழ்ந்தாலும் காரணம் கேட்கத் தோன்றும். அந்த ஒன்பது நாட்களையும் நினைவிலிருந்து மீட்டு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதல் இரு நாட்கள் மீன் போத்தலைச் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் துடுப்புகளைச் சுருக்கிக்கொண்டு அடியில் அமர்ந்தது. "தூங்குது" என்றாள் பேத்தி. நானும் ஆமாம் என்றேன். ஐந்தாம் நாள் தீனியைத் தொடவில்லை. பசி வரட்டும் என்று இன்னும் நான்கு மணிகள் போட்டோம். அவை ஊறி, நீர் கலங்கிற்று. கலங்கிய நீரை முழுவதுமாகக் கொட்டிவிட்டுப் பீலியிலிருந்து பிடித்துவந்த பச்சைத் தண்ணீரை ஊற்றினோம். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அவ்வாறே செய்தோம். ஊற்றியவன் நான்தான்.

மீனை வீட்டின் பின்புறம் ரோசாச்செடியடியில் புதைத்த பிறகு, அயலிலுள்ள விஞ்ஞான ஆசிரியர் ஒருவரிடம் வெப்பமானியொன்றை இரவல் வாங்கி, அதே போத்தலில் அதே இடத்தில் நீர் நிரப்பி வைத்துப் பார்த்தேன். விடிகாலையில் 17 பாகை செல்சியஸ். பிற்பகல் இரண்டு மணிக்கு 20. மறுநாள் விடிகாலை 16. அந்த மீனுக்கு வேண்டியது 25 முதல் 28 பாகை வரை. விசாரணையை அத்துடன் முடித்திருக்கலாம். ஆயினும் விடயம் எங்கள் வீட்டுப் போத்தலோடு முடியவில்லை. பேத்தியின் வகுப்பில் யார் யார் வீட்டில் பைட்டர் இருந்தது என்று கேட்டேன். பலரது வீட்டிலும் இருந்தது. எல்லாமே "இருந்தது"தான்.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. சாவோ பிரயா ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்கள், சதுப்புகள், புல் அடர்ந்த ஆழமற்ற நீர்நிலைகள் ஆகியவற்றில் வாழ்வது. அங்கு அதன் பெயர் பிளா கட், அதாவது கடிக்கும் மீன். சண்டைக்காகவே அதனைத் தெரிந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். 2022இல் வெளியான மரபணு ஆய்வொன்று, மனிதன் இதனை வளர்ப்பு மீனாக்கி ஆயிரம் ஆண்டுகளேனும் ஆகியிருக்கும் என்று கூறுகிறது. 1910இல் பிரித்தானிய மீனியலாளர் சார்ள்ஸ் டேட் ரீகன் அதற்கு இன்றைய விஞ்ஞானப் பெயரைச் சூட்டினார். 2019இல் தாய்லாந்து அரசு அதனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகப் பிரகடனம் செய்தது. வயலில் வாழும் மீன் மங்கலான பழுப்பு நிறத்தது. நீலமும் சிவப்பும் நீண்ட துடுப்பும் மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்துச் சேர்த்த நகைகள். அந்த நகைகளின் பாரத்தால் அது நீந்தவும் சிரமப்படுகிறது என்பதை உற்றுப் பார்ப்பவர் காணலாம்.

நம் கடைகளுக்கு வரும் மீன்கள் தாய்லாந்திலிருந்து நேரே வந்தவையாக இருக்க வேண்டியதில்லை. கம்பஹா, குருணாகல் போன்ற சூடான தாழ்நிலங்களில் வீட்டு முற்றத்துச் சீமெந்துத் தொட்டிகளில் அவற்றைப் பெருக்குகிறார்கள். அங்கே இரவிலும் நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். அங்கிருந்து அவை பொலித்தீன் பைகளில் கட்டப்பட்டு மலை ஏறுகின்றன. அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை என்று ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்துகொண்டே வரும். (கித்துல்கலையில்தான் 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' திரைப்படத்துக்காகக் களனி கங்கையைச் சயாம் நாட்டு நதியாக நடிக்க வைத்தார்கள். சயாமிய மீன் அவ்விடத்தைக் கடந்து போகிறது என்பதில் எனக்கு ஒரு சிறு சிரிப்பு உண்டு.) ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனை அடைந்ததும் மீன் இறக்கி வைக்கப்படுகிறது. சில பைகள் இன்னும் மேலே, 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கும் போகின்றன.

"சாகாத மீன்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதிலே பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதிதான் மீனைக் கொல்கிறது.

பெற்றாவின் தலையில், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. சுருள்வழி உறுப்பு என்று அதனைச் சொல்லலாம். மீன் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி, அந்த மடிப்புகளிலுள்ள நுண்குருதிக் குழாய்கள் வழியே ஒட்சிசனைப் பெறுகிறது. சேறான, ஒட்சிசன் குறைந்த வயல்நீரில் மற்ற மீன்கள் திணறும்போது இது மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். ஆகவே காற்றுக்குமிழி விடும் மோட்டர் அதற்குத் தேவையில்லை என்பது சரி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த உறுப்பு காற்றை மட்டுமே தரும். மீனின் கழிவிலிருந்தும் அழுகிய தீனியிலிருந்தும் சேரும் அமோனியாவை அது நீக்காது. நீரைச் சூடாக்கவும் அதனால் முடியாது.

இரண்டாவது விடயந்தான் மலையகத்துக்கு முதன்மையானது. மீன் குளிர்குருதிப் பிராணி. நீரின் வெப்பமே அதன் உடம்பின் வெப்பம். நமக்குக் குளிர்ந்தால் கம்பளி போர்த்துகிறோம், உடம்புக்குள் அடுப்பு எரிகிறது. மீனுக்கு உள்ளே அடுப்பு கிடையாது. நீர் 17 பாகைக்கு இறங்கினால் அதன் இதயம், சீரணம், நோயெதிர்ப்பு யாவும் மந்தமடைகின்றன. உண்ட தீனி வயிற்றில் செரியாமல் தங்கும். வெண்புள்ளி நோயும் துடுப்பழுகலும் அப்போது எளிதாகப் பற்றிக்கொள்ளும். மீன் அசையாது அடியில் கிடப்பதைத் தூக்கம் என்று நாம் நினைக்கிறோம். ஒரே நாளில் செத்தால் குளிரே காரணம் என்று யாருக்கும் விளங்கியிருக்கும். ஒரு கிழமை, இரு கிழமை என்று இழுத்துக்கொண்டு சாவதால் "விதி முடிந்தது" என்கிறோம். மீண்டும் கடைக்குப் போகிறோம்.

இதிலே என்னை வியக்க வைத்தது ஒன்று. எங்கள் ஊற்றுநீரின் தன்மை பெற்றாவுக்கு மிகவும் பொருத்தமானது. மலைப்பாறை வழியே கசிந்துவரும் பீலித் தண்ணீரில் உப்புகள் குறைவு, மென்மையான நீர். குளோரினும் கிடையாது. கொழும்பில் வளர்ப்பவர் குழாய்நீரை ஒருநாள் திறந்து வைத்தோ மருந்திட்டோ பாவிக்க வேண்டும். நகரக் குழாய்நீரைப் பெறுகின்ற ஹட்டன்வாசிகளுக்கும் அது பொருந்தும். லயத்துப் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. இத்தனை நல்ல நீரில் குறை ஒன்றே ஒன்றுதான், குளிர்.

முதல் மீன் செத்து ஒரு மாதம் கழித்து இன்னொன்றை வாங்கினேன். பேத்தி வேண்டாம் என்றாள். நான்தான் பிடிவாதமாக வாங்கினேன். இம்முறை மீனுக்கு முன்பாகத் தொட்டி வந்தது. 20 லீற்றர் கொள்ளும் சதுரக் கண்ணாடித் தொட்டி. நீர் அதிகமாக இருந்தால் இரவில் மெல்லவே குளிரும், கழிவும் ஐதாகும். போத்தலில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் 50 வாற்று நீர்ச்சூடாக்கி ஒன்று. மேலே மூடி. பெற்றா துள்ளிக் குதிக்கும் என்பதற்காக மாத்திரமன்று, அது விழுங்கும் காற்றும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டுமென்பதற்காகவும். பின்புறமும் இருபக்கமும் அடியிலும் ரிஜிபோம் மட்டை ஒட்டினேன். தொலைக்காட்சிப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டியது. ஒரு சிறு பஞ்சு வடிகட்டி. அதன் காற்றோட்டத்தை நன்றாகக் குறைத்து வைத்தேன், நீண்ட துடுப்புக்காரருக்கு நீரோட்டம் ஆகாது.

தொட்டி தயாராகி மூன்று கிழமைக்கு மேல் மீன் இல்லாமலே வைத்திருந்தேன். பேத்தி பொறுமையிழந்து போனாள். காரணத்தைச் சொல்கிறேன். அமோனியாவை உண்டு நைத்திரைற்றாகவும், அதனை மீண்டும் நஞ்சு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியாக்கள் வடிகட்டிப் பஞ்சில் குடியேறுவதற்குக் காலம் வேண்டும். குளிரில் அவையும் மந்தமாகவே பெருகும். ஆகவே சூடாக்கியை முதல் நாளே போட்டுவிட வேண்டும். பக்றீரியா குடியேறிய பின் கிழமைக்கொரு தடவை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும், அதுவும் கேத்தல் சுடுநீர் கலந்து தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்த நீர். முழு நீரையும் கொட்டிக் குளிர்நீர் ஊற்றுவது மீனைக் காப்பாற்றும் செயலன்று. முதல் மீனுக்கு நான் மூன்று நாள் தொடர்ந்து செய்தது அதுதான்.

தீனி காலையில் மூன்று மணி, மாலையில் மூன்று மணி. பெற்றா புலாலுண்ணி. வயலில் நுளம்புக் குடம்பிகளையும் சிறுபூச்சிகளையும் தின்று வாழ்ந்தது. பாண் துண்டும் சோற்றுப் பருக்கையும் அதற்கு உணவாகா, நீரைக் கெடுக்கும். நாட்டு வாதுமையின் காய்ந்த இலையொன்றை நீரிலிட்டால் தேநீர் நிறம் இறங்கும். சிங்களத்தில் கொட்டம்பா என்பது இம்மரத்தைத்தான். அந்த நிறம் மீனுக்கு உகந்தது என்று கீழைநாட்டு வளர்ப்பாளர்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். ஹட்டனில் அம்மரம் வளராது; கொழும்பிலிருந்து வரும் மருமகன் பையில் பத்து இலை கொண்டுவருவார். ஒரு தொட்டியில் ஓர் ஆண் மீன் மாத்திரமே. இரண்டை விட்டால் என்ன நடக்கும் என்பதைப் பெயரே சொல்கிறது. கண்ணாடியைக் காட்டிச் சிலிர்க்க வைப்பதைப் பிள்ளைகள் விரும்புவார்கள். நாள் முழுக்கத் தன் பகையைக் கண்முன் காணும் உயிருக்கு என்ன நிம்மதி இருக்கும்?

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நாள் மாலை பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். தொழிற்சங்கத்தில் முடி நரைத்தவர். தொட்டியையும் அதில் ஒளிர்ந்த சூடாக்கியின் சிவப்பு விளக்கையும் பார்த்தார். தேநீரை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, மீனுக்குக் குளிருதுன்னு ஹீட்டர் போட்டிருக்கே. லயத்துல புள்ளைங்க குளிருல படுத்துக்கிட்டு இருக்குறத எழுதி எத்தனை வருஷமாச்சு?"

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த மலைநாட்டில் தகரக்கூரையின் கீழ், சீமெந்துத் தரையில் சாக்கு விரித்துப் படுப்போரைப் பற்றி நானே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நாட்சம்பளம் 1,000 ரூபா என்பதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்த மக்கள் இவர்கள். அவர்களிடம் போய் மீனுக்கு வெப்பம் கொடுங்கள் என்று சொல்வதற்கு எனக்கு என்ன தகுதி?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 வாற்றுச் சூடாக்கி நாளில் பாதி நேரம் எரிந்தால் 0.6 அலகு, மாதம் 18 அலகு. ரிஜிபோமும் மூடியும் போட்டு, எரியும் நேரத்தை மூன்றிலொரு பங்காகக் குறைத்தாலும் 12 அலகு. எனக்கு அது பொருட்டன்று. ஆனால் மின்கட்டணப் பட்டியலில் முதல் 30 அலகு ஒரு படி, 31 முதல் 60 வரை அடுத்த படி. இரண்டு விளக்கும் ஒரு தொலைக்காட்சியுமாக 25 அலகில் மாதத்தை ஓட்டும் லயத்து வீட்டில் இந்த மீன் நுழைந்தால், குடும்பமே படி மாறிவிடும். சில நூறு ரூபாவுக்கு வாங்கிய மீனின் உண்மையான விலை மாதாமாதம் பட்டியலில் வரும். அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

இன்னுமொன்றும் இருக்கிறது. லயன் குடியிருப்புகளில் மின்னொழுக்கால் தீ பிடித்து, ஒரு வரிசை வீடுகள் முழுவதும் சாம்பலான செய்திகளை நான் எத்தனை தடவை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. பழைய கம்பி, ஒரே செருகியில் நாலு இணைப்பு, பக்கத்தில் விறகடுப்பு. அங்கே தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு மலிவான சூடாக்கியை இருபத்துநாலு மணி நேரமும் எரியவிடுங்கள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

அப்படியானால் முடிவு என்ன? நண்பருக்கு மறுநாள் தொலைபேசியில் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வெப்பம் கொடுக்க இயலாத வீட்டுக்கு இந்த மீன் வேண்டாம். அது ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மீன் ஆகாது என்ற கருத்தன்று. அந்தப் பிள்ளையின் உண்டியற் காசு என் பேத்தியின் காசைவிடக் கனமானது. "போத்தலே போதும்" என்ற ஒரு சொல்லை நம்பி அதைக் கொடுத்து, ஒரு கிழமை கழித்துச் செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு தான் என்ன பிழை செய்தோம் என்று தெரியாமல் நிற்கிறது அப்பிள்ளை. ஏமாற்றத்தில் முதலில் அகப்படுவது அவர்கள்தான். நண்பர் மறுபேச்சுப் பேசவில்லை. ஒப்புக்கொண்டதாகவும் சொல்லவில்லை.

வசதியுள்ளோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நின்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அத்தகைய நாளில் சூடாக்கி வெறுங்கண்ணாடிக் குழாய்தான். ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சுடுநீர் நிரப்பி இறுக மூடித் தொட்டியில் மிதக்க விட்டு, தொட்டியைப் பழங்கம்பளியால் சுற்றினால் சில மணி நேரம் தாக்குப் பிடிக்கலாம். ஆறியதும் மாற்ற வேண்டும். நடுச்சாமத்தில் எழும்பி மாற்ற மனமுள்ளவர் வளர்க்கலாம்.

டொரொண்டோவிலும் இலண்டனிலும் இருந்து இதைப் படிப்போர், எங்கள் வீட்டில்தான் வெப்பமூட்டி இருக்கிறதே என்று நினைக்கக்கூடும். உங்கள் அறை 20, 21 பாகையில் இருந்தால் நீரும் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கும். அதுவும் பெற்றாவுக்குப் போதாது. ஹட்டனின் நண்பகல், உங்கள் மாரிகால வரவேற்பறை. மீனுக்கு இரண்டும் ஒன்றே.

குளிரைத் தாங்கும் வேறு மீனைச் சிபாரிசு செய்யலாமே என்று ஒரு வாசகர் கேட்பார். உண்டு. பெற்றாவின் உறவுக்காரனான சொர்க்க மீன், சீனத்தது, 1869இலேயே பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டு ஐரோப்பியரின் கண்ணாடித் தொட்டிகளில் வாழ்ந்தது. அதுவும் காற்றை விழுங்கும். 17 பாகை அதற்குப் பெரிய காரியமன்று. பல நாள் இதனையே பரிந்துரைக்க எண்ணியிருந்தேன். பின்னர் எங்கள் நீர்வழிகளை நினைத்துத் தயங்கினேன்.

குளிர்நாட்டு மீனை இம்மலைக்குக் கொண்டுவரும் எண்ணம் புதியதன்று. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் விளையாட்டுக்காக ட்ரவுட் மீன் முட்டைகளைக் கப்பலேற்றி வரவழைத்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். தங்கள் மீனுக்கு எந்தக் குளிர் வேண்டும் என்பதை அவர்கள் தீர விசாரித்தே செய்தார்கள். அந்த ஓடைகளில் ஏற்கெனவே வாழ்ந்த உயிர்கள் என்னாகும் என்று விசாரித்ததாகத் தெரியவில்லை. பின்னர் நுளம்பை ஒழிக்கவென்று கப்பி மீன் வந்தது; இன்று ஊர்க்கால்வாய்களெல்லாம் அதன் வீடு. வீட்டுத் தொட்டியில் சலித்துப்போய்க் குளத்தில் விடப்பட்ட 'டேங்க் கிளீனர்' தாழ்நிலக் குளங்களில் வலையை நாசமாக்குகிறது. கொழும்பின் தியவன்னா ஓயாவில் பிடிபடும் கத்தி மீனும் அலங்காரத் தொட்டியிலிருந்து போனதுதான்.

டிக்கோயாவிலோ நோர்வூட்டிலோ ஒரு பிள்ளை இரக்கப்பட்டு மீனை ஓடையில் விட்டால் அது காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடையலாம். 1965 முதல் கெஹெல்கமு ஓயாவைத் தேக்கி நிற்கும் நீர் அது. கீழே அந்த ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகி, கொழும்பின் குடிநீர்வரை போகின்றன. பெற்றாவை அங்கே விட்டால் காசல்ரீயின் குளிரிலேயே அது முடிந்துவிடும். சொர்க்க மீனை விட்டால் முடியாது. பெருகும். போத்தலில் சாகாத மீன் எதுவோ அதுவே ஓடையிலும் சாகாது என்பது எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. எனவே சொர்க்க மீனை நான் சிபாரிசு செய்யவில்லை. எந்த மீனையும் ஓடையில் விடாதீர்கள். வளர்க்க இயலாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

களனிப் படுகையிலேயே பெற்றாவின் சொந்தக்காரர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கித்துல்கலைப் பக்கத்து ஓடைகளில் வாழும் 'தல் கொஸ்ஸா' இலங்கைக்கே உரியது. வால் நுனியில் சீப்புப் பற்கள்போலக் கதிர்கள் நீண்டிருக்கும். ஈரவலயத் தாழ்நிலத்து நிழலோடைகளில் ஒளிந்து வாழும் 'மல்புலுட்டா'வை 1937இல் பி. ஈ. பி. தெரணியகல விவரித்தார், இன்று அது அழியும் ஆபத்தில் உள்ளது. பிடிக்கவும் வளர்க்கவும் ஆசைப்பட வேண்டாம். மூன்றாவது உறவுக்காரன் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் பொதுவானவன். 1831இல் பிரெஞ்சு அறிஞர் குவியே அதற்கு 'குப்பானுஸ்' என்று பெயரிட்டார். புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்ததால் வந்த பெயர். நம் வயல்வாய்க்காலில் குமிழிக்கூடு கட்டி வாழும் ஒரு சிறுமீன் தமிழ் ஊரொன்றின் பெயரை விஞ்ஞான உலகமெங்கும் சுமந்து திரிகிறது. சண்டை மீனைப் பார்த்து வியக்கும் பிள்ளைகளுக்கு இதனையும் யாராவது சொல்லலாம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1907ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடைக் கட்டளைச் சட்டம், சிறைப்பட்டிருக்கும் மீனையும் விலங்கு என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. 100 ரூபா தண்டம் விதித்த அச்சட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் பொலிசை அனுப்பச் சொல்லும் ஆள் நானல்லன். சிறு வியாபாரி அவர். அவருக்கும் பெட்டியில் பாதி மீன் செத்துத்தான் மீதி விற்கிறது. நான் கேட்பது ஒரு மட்டையில் மூன்று வரி. இந்த மீனுக்கு 25 பாகைச் சூடு வேண்டும், ஹட்டனில் சூடாக்கி இல்லாமல் உயிர் வாழாது, ஓடையில் விடக்கூடாது. தமிழிலும் சிங்களத்திலும்.

அதையே போன மாதம் கடைக்குப் போய் நேரில் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. இருக்கை தந்தார், தேநீர் வரவழைத்தார். போத்தல் வரிசையைத் துடைத்துக்கொண்டே, "எழுதிப் போட்டா யாரு ஐயா வாங்குவாங்க?" என்றார். சற்று நேரம் கழித்து, "ஹீட்டர் என்ன விலைக்கு வாங்குனீங்க?" என்று கேட்டார். கொழும்பில் வாங்கிய விலையைச் சொன்னேன். தான் இன்னும் மலிவாகத் தருவிக்கலாம் என்றார். வயரிங் பழையதாக உள்ள வீட்டுக்கு விற்காதீர்கள் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது மீன் இதை எழுதும் இந்நேரம் உயிரோடிருக்கிறது. நீர் 26 பாகை. நேற்றுக் காலை மேற்பரப்பில், மூடியின் மூலையோரம், வெண்ணுரைபோல ஒரு குமிழிக்கூடு கட்டியிருந்தது. முட்டையிடப் பெண் மீன் இல்லாவிட்டாலும் ஆண் மீன் கட்டும். பேத்தி பாடசாலைக்குப் போகுமுன் அதைக் கலைக்கக் கூடாது என்று என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள். கிழமைக்கொரு முறை நீர் மாற்றும் நாள் இன்று. எப்படி மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.